கான்வாஸ் காலணியும் ஒரு கொப்புளமும்

சர்க்கரை நோய்க்கு நடையைப் போல மலிவான மருந்து வேறில்லை என்றார் மருத்துவர். அந்த மருந்தை உட்கொள்ள ஒரு ஜோடி ஷூ வேண்டும் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். நகரின் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்கார இளைஞர் என்னை ஒரு கண்ணாடிப் பலகையின் மீது நிறுத்தினார். எதிரே திரையில் என் இரு பாதங்களும் சிவப்பும் மஞ்சளுமாகத் தோன்றின. "உங்க பாதம் உள்பக்கமா சாயுது சார். சாதாரண ஷூ போட்டா முட்டி போயிடும்" என்றார். அறிவியலே பேசுகிறபோது எதிர்த்துப் பேச நான் யார்? ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய். முன்பக்கம் சற்றே இறுக்குவதாகச் சொன்னதற்கு, "போடப் போட லூஸாயிடும் சார்" என்று விடை வந்தது.

பதினோராம் நாள் காலை, காலுறையைக் கழற்றியபோது சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. செருப்புக் கடிப்பது நமக்குப் புதிதன்று. தமிழில் செருப்பு கடிக்கவே செய்கிறது. அதற்குப் பல் உண்டு என்பது நம் மொழியின் பழைய முடிவு. என்னை அச்சுறுத்தியது வேறு. அது வலிக்கவே இல்லை.

புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. நடக்கக் கூடாது என்று வீட்டில் அமர்த்தப்பட்ட அந்த நாட்களில், இந்த ஓட்டக் காலணி என்ற பொருள் எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் இவ்வளவு விலை, ஒரு காலணி என் காலுக்கு ஏற்றதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்றெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசிப்பின் சாரமே இக்கட்டுரை.

*

ரப்பர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலிலிருந்து ரப்பர் மேற்காலணிகள் பாஸ்டன் நகருக்கு வந்து இறங்கின. மழைக்கு நல்லவை. ஆனால் கோடையில் பிசினாக உருகும், பனிக்காலத்தில் ஓடாக வெடிக்கும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839இல் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது இரு பருவத்துக்கும் அஞ்சாத பொருளாகிவிடுவதைக் கண்டார். 1844இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பலமுறை கடன்காரர் சிறை கண்ட அந்த மனிதர் 1860இல் பெருங்கடனோடே இறந்தார். உலகத்தின் கால்களுக்கு அடியில் மெத்தை விரித்தவருக்குக் கடைசிவரை நிற்க இடமில்லை.

இந்தப் பதப்படுத்திய ரப்பரும் துணியும் சேர்ந்து பிறந்ததுதான் நாம் அறிந்த கான்வாஸ் காலணி. இங்கிலாந்தின் கடற்கரைகளுக்கு ரயிலேறி ஓய்வெடுக்கச் சென்ற எளிய மக்கள், மணலில் தோல் காலணி பாழாகாதிருக்க வாங்கிய மலிவுச் சரக்கு அது. மேல்துணியும் அடி ரப்பரும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஓடிய பட்டை, கப்பலின் பக்கவாட்டில் பாரத்தின் எல்லையைக் குறிக்கும் கோட்டை நினைவூட்டியது. அளவுமீறிச் சரக்கேற்றிய கப்பல்களில் மாலுமிகள் மூழ்கிச் சாவதைக் கண்டு கொதித்து, நாடாளுமன்றத்தில் போராடி 1876இல் அதற்கெனச் சட்டம் வரக் காரணமானவர் சாமுவேல் பிளிம்சால். அவர் பெயரே அந்தக் காலணிக்கும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவிலோ, சத்தமின்றிப் பதுங்கி நடக்க ஏற்றது என்பதால் அதை ஸ்னீக்கர் என்றார்கள். ஒரே பொருளுக்கு ஒரு கரையில் மாலுமிகளின் நண்பர் பெயர், மறுகரையில் திருடனின் நடை.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. பிறகு மலாயாவின் காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்களாயின. விடியுமுன் எழுந்து அந்த மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்கள் யார் என்பதை இவ்வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' அந்த வாழ்வைத்தான் நாவலாக்கியது. உலகம் உடற்பயிற்சிக்கென்று ரப்பர் அடிக்காலணி அணிந்து ஓடத் தொடங்கிய அதே காலத்தில், அந்த ரப்பருக்கான பாலைச் சுமந்தவர்களில் பலர் வெறுங்காலோடுதான் மரத்துக்கு மரம் நடந்தார்கள்.

*

மலிவுக்கு வருவோம். செக் நாட்டின் ஸ்லின் என்ற சிற்றூரில் 1894இல் தொழில் தொடங்கிய தோமாஷ் பாட்டா, ஓராண்டுக்குள் கடனில் மூழ்கினார். தோல் வாங்கப் பணமில்லை. கையிலிருந்த துணியில் மேற்பாகத்தைத் தைத்து, தோலை அடிக்கு மட்டும் வைத்து ஒரு காலணி செய்தார். விலை குறைவு, கனமும் குறைவு. அது விற்ற வேகத்தில் நிறுவனம் நிமிர்ந்தது. 1922இல் செக் நாட்டில் பொருளாதாரம் நொடிந்தபோது தன் காலணிகள் அனைத்தின் விலையையும் பாதியாகக் குறைப்பதாக அறிவித்தார். வணிக வரலாற்றில் இன்றும் வியந்து பேசப்படும் துணிச்சல் அது. அந்தப் பாதி விலையில் ஒரு பங்கு தொழிலாளரின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்பட்டது என்பதை வியப்பவர்கள் மெல்லவே சொல்வார்கள்.

பாட்டா 1932இல் விமான விபத்தில் இறந்தார். அதற்குள் கல்கத்தாவுக்கு அருகே கொன்னகரில் அவருடைய தொழில் கால்பதித்துவிட்டது. 1934இல் ஹூக்ளிக் கரையில் பாட்டாநகர் எழத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்கென்றே 1936இல் இந்தியாவில் வடிவமைத்தது தங்களுடைய வெள்ளைக் கான்வாஸ் டென்னிஸ் காலணி என்று அந்நிறுவனம் கூறிக்கொள்கிறது. என் தலைமுறையினர் அதை மறந்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை துவைத்து, ஈரத்தோடே வெள்ளை பூசி, திண்ணையில் சுவரோரம் சாய்த்து வைப்போம். வெள்ளை தீர்ந்த வீட்டில் பள்ளியிலிருந்து கொணர்ந்த சுண்ணக்கட்டி உதவும். அடுத்த நாள் ஓடும்போது காலைச் சுற்றி ஒரு சிறு வெண்புகை எழும். அடி தட்டையானது, மெத்தை கிடையாது, வளைவுக்குத் தாங்கல் கிடையாது. எங்களில் எவனுக்கும் பாதம் உள்பக்கம் சாய்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இதை ஏக்கமாக மட்டும் எழுதிவிட்டால் பொய்யாகும். நம் ஊர்களில் காலணி விலையால் மட்டும் மறுக்கப்பட்ட பொருளன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்தெருக்களில் செருப்பணிந்து நடக்கக் கூடாது, எதிரே வருவோரைக் கண்டால் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. சட்டம் வந்த பின்னும் பல ஊர்களில் ஒழியவில்லை. அண்ணனின் பாதுகையை அரியணையில் வைத்து ஆட்சி நடத்திய கதையைக் கண்ணீரோடு கேட்ட அதே தெருக்கள்தாம் அவை. சீருடையின் பகுதியாகப் பள்ளிக்குள் நுழைந்த அந்த மலிவுக் கான்வாஸ், எத்தனையோ பிள்ளைகளின் காலுக்கு முதல் காலணி. அதை அணிந்தபடி தெருவில் நடப்பது அவர்களில் சிலருக்கு வெறும் உடற்பயிற்சியாக இருந்திருக்காது.

*

ஜெர்மனியின் ஹெர்ட்சோகனவுராக் ஊரில் டாஸ்லர் சகோதரர்கள் சேர்ந்து செய்ததும், 1948இல் பிரிந்து அடிடாஸ் என்றும் பூமா என்றும் இரு நிறுவனங்களானதும் பலரும் எழுதிவிட்ட கதை. அதனினும் எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. போரில் நொறுங்கிய கோபே நகரில், இளைஞர்களை விளையாட்டின் மூலம் நிமிரச் செய்யலாம் என்று நம்பி 1949இல் காலணி செய்ய முற்பட்டவர் கிஹாச்சிரோ ஓனிட்சுகா. கூடைப்பந்துக் காலணி வழுக்காதிருக்க வழி தேடியவருக்கு, உணவுத்தட்டில் கிடந்த எண்காலியின் உறிஞ்சு குழிகள் விடை தந்தனவாம். அதைப்போலவே அடிப்பாகத்தில் குழிகள் அமைத்தார்.

அந்த ஜப்பானியக் காலணிகளின் மலிவே அமெரிக்காவில் ஒரு பேரரசுக்கு விதையானது. ஜெர்மன் கேமராக்களை ஜப்பானியக் கேமராக்கள் வென்றதுபோல, ஓட்டக் காலணிகளிலும் நடக்குமா என்று மாணவராக இருந்தபோதே கட்டுரை எழுதியவர் ஃபில் நைட். அவரும் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 1964இல் ஒரு நிறுவனம் தொடங்கி, ஓனிட்சுகாவின் காலணிகளை ஓட்டப் பந்தயத் திடல்களில் காரில் வைத்து ஏழு டாலருக்கும் குறைவாக விற்றார்கள். பின்னாளில் நைக்கி ஆனது இதுவே. தொடக்கத்தில் அவர்கள் விற்ற சரக்கு, ஒரு வகையில், குறைந்த விலைதான்.

இங்குதான் வரலாறு ஒரு விந்தையான திருப்பம் கொள்கிறது. பவர்மன் 1962இல் நியூசிலாந்து சென்று, ஆர்தர் லிடியார்டின் வழிகாட்டலில் முதியோரும் நோயாளிகளும்கூட மெல்லோட்டம் ஓடுவதைக் கண்டு திகைத்தவர். ஊர் திரும்பி, இதய மருத்துவர் வால்டோ ஹாரிஸோடு சேர்ந்து அதைப் பற்றி எழுதிய நூல் 1967இல் வந்தது. அமெரிக்க நடுவயதினரைத் தெருவில் ஓட வைத்த நூல்களுள் ஒன்று அது. அந்நூல் தொடக்கநிலையாளருக்குச் சிறப்புக் காலணி எதையும் கட்டாயமாக்கவில்லை. தோட்ட வேலைக்கு அணிவதே போதும் என்ற தொனியில்தான் பேசுகிறது. அதே பவர்மன் மனைவியின் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றிப் புது அடிப்பாகம் கண்டார். 1974இல் அது சந்தைக்கு வந்தது. எழுபதுகளின் நடுவில் நுரைமெத்தை வந்தது. 1978இல், விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்த ஃப்ராங்க் ரூடியின் யோசனைப்படி, அடிக்குள் காற்றுப்பை வைத்த காலணி வந்தது. 1985இல் மைக்கேல் ஜோர்டானின் பெயர் தாங்கிய காலணி 65 டாலருக்கு விற்றது.

ஓடுவோர் பெருகப் பெருக, முழங்கால் வலியோடு மருத்துவரிடம் போவோரும் பெருகினர். வலிக்கு ஒரு காரணம் வேண்டுமே. பாதம் தரையில் ஊன்றும்போது உள்நோக்கிச் சாய்வது எல்லோருக்கும் இயல்பாக உள்ள அசைவு. அதன் மிகை ஒரு நோய்க்குறியாக வகுக்கப்பட்டது. ஈரக்காலைக் காகிதத்தில் பதித்து, பதிவின் வடிவைக் கொண்டு பாதங்களை மூன்று சாதியாகப் பிரித்தார்கள். தட்டைப் பாதத்துக்குச் சாய்வைத் தடுக்கும் காலணி, உயர்வளைவுக்கு மெத்தைக் காலணி, நடுவிலிருப்போருக்கு நடுத்தரம். (கோகுலாஷ்டமி அன்று நம் பெண்கள் கைமுட்டியை மாவில் தோய்த்துப் பதிக்கும் கண்ணன் பாதத்தை இந்தக் கணக்கில் வைத்தால், கோபாலனுக்கு மெத்தைக் காலணிதான் பரிந்துரைப்பார்கள்.) நான் கடையில் ஏறி நின்ற கண்ணாடிப் பலகை இந்த ஈரக்காலின் கணினி அவதாரம்.

*

விலைக்கும் காலின் நலத்துக்கும் உள்ள உறவை முதலில் ஐயுற வைத்தது ஸ்விட்சர்லாந்து. 1984இல் பெர்ன் நகரில் நடந்த பதினாறு கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்ட 4,358 ஆண்களை பெர்னார்ட் மார்ட்டி என்ற மருத்துவர் ஆராய்ந்தார். அதற்கு முந்தைய ஓராண்டில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதேனும் காயம் கண்டிருந்தனர். விலையுயர்ந்த காலணி அணிந்தோரிடையே காயம் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது. விலைதான் காயத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. அடிபட்டவன்தானே பயந்துபோய் விலை கூடியதை வாங்குவான்? ஆயினும், விலை காக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த எண்கள் துணை நிற்கவில்லை.

2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஓர் எளிய சோதனை நடந்தது. மூன்று நிறுவனங்களின் மூன்று விலைநிலைக் காலணிகள். 40 பவுண்டிலிருந்து 75 பவுண்டு வரை. எது எவ்விலை என்று அணிந்தவர்க்குத் தெரியாதபடி செய்துவிட்டு, உள்ளங்காலின் அழுத்தத்தை அளந்தார்கள், சுகத்தையும் கேட்டார்கள். விலையேற ஏற அழுத்தம் குறையவில்லை. சுகமும் கூடவில்லை.

அடுத்தது இன்னும் பெரிது. அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பாதவளைவைப் பார்த்து அதற்கென வகுத்த காலணி. மறு பிரிவுக்கு வளைவைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே வகை. பயிற்சிக் காலம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது இரு பிரிவினரின் காயங்களிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் இவை. நான் அந்தக் கண்ணாடிப் பலகையில் ஏறியதோ அதற்குப் பல்லாண்டுகள் கழித்து.

இதனால் மெத்தையெல்லாம் மோசடி என்று துள்ளிக் குதித்தவர்களும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு வென்றதையும், நம் கால்பந்தாட்டக்காரர்கள் பலர் 1948இல் லண்டனில் காலணியின்றிப் பிரான்சை எதிர்த்து ஆடியதையும் காட்டி, வெறுங்காலே இயற்கை என்றொரு அலை 2009க்குப் பின் எழுந்தது. விரல் விரலாகக் கையுறைபோல் பிரிந்த ஒரு காலணி அமோகமாக விற்றது. நலன்கள் நிரூபிக்கப்படாமல் விளம்பரம் செய்ததாக வழக்கு வந்து, அந்நிறுவனம் 2014இல் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தர உடன்பட்டது. பிக்கிலா அன்று வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம் தத்துவம் அல்ல, கிடைத்த காலணி காலுக்குச் சுகப்படவில்லை என்பார்கள். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் காலணியோடு ஓடி மீண்டும் வென்றார்.

மறுபக்கம், 2020இல் லக்சம்பர்கில் 848 பேரை வைத்து நடந்த ஆய்வில் கடினமான அடிப்பாகத்தைவிட மென்மையான மெத்தை காயத்தைக் குறைப்பதாகத் தெரிந்தது. எனவே பழைய கான்வாஸுக்கே திரும்பிவிடலாம் என்று நான் பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.

எஞ்சி நிற்பது என்ன? கனடாவின் கால்கரி நகரில் நெடுங்காலம் காலணிகளை ஆராய்ந்த பென்னோ நிக், 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதன் தன் உடலுக்குச் சுகமானதைத் தானே தேர்ந்தால் காயம் குறையக்கூடும். அவருடைய குழுவினர் முன்னர் இருநூற்றுச் சொச்சம் படைவீரரிடம் ஆறு வகை உள்தகடுகளைக் கொடுத்து, எது சுகம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் தேர்ந்தது மற்றவருக்கு ஒவ்வவில்லை. அப்படித் தேர்ந்தணிந்தவர்களிடம் காயமும் வலியும் குறைந்திருந்தன. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் இத்தனை ஆண்டுக் கருவிகளுக்கும் பிறகு ஆய்வகம் வந்து நிற்குமிடம், காலுக்குத் தக்க செருப்பு என்று நம் பாட்டிமார் பழமொழியில் சொல்லி முடித்த இடம் என்பதில் எனக்கு ஒரு சிறு திருப்தி.

*

எனக்கோ அந்த வழியும் அடைபட்டிருந்தது. சுகமா என்று கேட்டால் சொல்ல வேண்டிய கால், சொல்வதை நிறுத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் ஒரு நைலான் இழையால் என் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டே வந்தார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். நான் பேசாதிருந்த இடங்களில் அவர் படத்தில் புள்ளி வைத்தார்.

இந்தக் கேள்வியை முழுமையாக எதிர்கொண்டவர்கள் நம் மண்ணிலேயே இருந்தார்கள். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை, வலி தெரியாத கால் தன்னைத்தானே தேய்த்துக்கொண்டு அழிகிறது என்று கண்டார். சிறு கல், மடிந்த தோல், இறுக்கும் வார் இவற்றிலேயே புண் தொடங்குகிறது. அவரும் வேலூர், கரிகிரி மருத்துவமனையினரும் அதற்கு விடையாகத் தேடிய பொருள்களில் நிலைத்தது நுண்ணறை ரப்பர். எம்.சி.ஆர். செருப்பு என்று நம் அரசு மருத்துவமனைகள்வரை அறியப்பட்டது. நுரைபோல் அமுங்கி, பாதத்தின் எடையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பும். மேலே ஆணியோ முரட்டுத் தையலோ இராது. காற்றுப்பைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே, பந்தயத்தில் ஓடாத, பிறர் கண்டு விலகிய கால்களுக்காக யோசிக்கப்பட்ட மெத்தை அது. இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் அதுவே காக்கிறது.

அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் செய்யாறு. அங்குள்ள தொழிற்பேட்டையில் தைவான் நிறுவனம் ஒன்றின் ஆலையில் சுற்றுக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து உலகச் சந்தைக்கு நைக்கி காலணிகளைச் செய்கிறார்கள். நான் வாங்கிய ஜோடி அங்கே செய்ததா என்று பார்த்தேன். இல்லை, வியட்நாம் என்று நாக்கின் உட்புறத்தில் அச்சிட்டிருந்தது.

புண் ஆறிய பின் ஒரு மருத்துவமனையின் காலணிப் பட்டறைக்குச் சென்றேன். வயதான கைவினைஞர் ஒருவர், மாலையில் வரச் சொன்னார். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்குமாம், அளவு அப்போதுதான் சரியாக இருக்குமாம். நின்றபடியே காகிதத்தில் இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்தார். என் வலக்கால் இடக்காலைவிடச் சற்றுப் பெரிது என்பது இத்தனை வயதில் அன்றுதான் தெரிந்தது. வெளியே வாங்கிவந்த ஒரு சாதாரண, முன்பக்கம் அகன்ற ஷூவில் வரைபடத்தை வைத்துப் பார்த்து, விரல்நுனிக்கு அப்பால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருப்பதை உறுதிசெய்துகொண்டு, உள்ளே நுண்ணறை ரப்பரை வெட்டிப் பொருத்தினார். எல்லாம் சேர்த்து முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு செலவு. "தினம் போடறதுக்கு முந்தி உள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க ஐயா. ராத்திரி அம்மாவைக் காலைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். இப்போது அப்படித்தான் நடக்கிறது. இரவு விளக்கடியில் என் மனைவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் பாதத்தைப் படிக்கிறாள்.

அந்த ஏழாயிரம் ரூபாய் ஷூவை என் அக்காள் மகன் எடுத்துப்போனான். அவனுக்கு அது கடிக்கவே இல்லையாம்.